நாலு சுத்தும் மூணு சுத்தும்

கார் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஸ்டேரிங் சக்கரத்தைப் பார்த்திருப்பார்கள். ஸ்டேரிங் பாக்ஸைப் பார்த்தவர்கள் குறைவு. பழைய கார்களில் அது என்ஜினுக்குப் பக்கத்தில், சேஸில் போல்ட் போட்டு, கிரீசும் சேறும் பூசிக்கொண்டு கிடக்கும். ஓட்டுகிறவர் கை சுற்றுகிற சுற்றை வாங்கி ரோட்டில் இருக்கிற சக்கரத்தைத் திருப்புகிற வேலை அதற்கு. அதைக் கழற்றி, பிரித்து, தேய்ந்ததை மாற்றி, ஆட்டம் எடுத்து, திரும்பப் பூட்டிக் கொடுப்பதுதான் முப்பது வருஷத்துக்கு மேலாக எனக்குத் தொழில். அயனம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம் தகரம் போட்ட ஷெட்டு. வேலைக்கு நானும் இரண்டு பையன்களும்.

இதைப் பற்றி எழுதுங்கள் என்று தோழர்கள் கேட்டபோது, எழுத இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. நம் பத்திரிகைகளில் பறையைப் பற்றி எழுதினோம், தோலைப் பற்றி எழுதினோம், மலக்குழியைப் பற்றியும் வயல்கூலியைப் பற்றியும் எழுதினோம். எழுத வேண்டியதுதான். ஆனால் அம்பத்தூர், பாடி, ஆவடியைச் சுற்றியிருக்கிற சேரிகளிலிருந்து ரெண்டு மூணு தலைமுறை லேத்துக்கும் பட்டறைக்கும் டிரைவர் சீட்டுக்கும் போயிருக்கிறது. அந்தக் கைகளுக்கு என்ன தெரியும் என்பது அவ்வளவாக எழுதப்படவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்க தாத்தாவுக்கு ஏரி மதகுதான் வேலை. ராத்திரி மழையில் போய் மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் கை. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணி என்று சொல்வது ஊர்க்காரர்கள் வாய். மகசூல் நேரத்தில் களத்தில் ஒதுங்கி நின்று வாங்கிக்கொள்கிற நெல்லுதான் அவருக்குச் சம்பளம்.

நைனா லாரி டிரைவர். திருவள்ளூர் பக்கத்துச் சூளைகளிலிருந்து பட்டணத்துக்குச் செங்கல் அடித்தார். அந்த லாரிகளில் பவர் ஸ்டேரிங் கிடையாது. சக்கரம் மட்டும் முறம் மாதிரி அகலமாக இருக்கும். கைக்கு நெம்புகோல் பலம் வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அகலம். பாரம் ஏற்றின வண்டியை நின்ற இடத்தில் திருப்ப வேண்டுமானால் நைனா சீட்டைவிட்டு எழுந்து, நெஞ்சை சக்கரத்தின் மேல் சாய்த்துத் திருப்புவார். ராத்திரி அம்மா அவருக்குத் தோள்பட்டையில் எண்ணெய் போட்டு உருவிவிடுவார்கள். எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்: "டேய், கட்ட வெரல சக்கரத்துக்குள்ள வுடாதே. பள்ளத்துல டயரு வுழுந்தா சக்கரம் திருப்பி அடிக்கும். வெரல் ஒடஞ்சிப் பூடும்." இன்றைக்கும் பழைய டிரைவர்களைக் கவனித்துப் பாருங்கள். கட்டை விரலை வெளியே வைத்துத்தான் பிடித்திருப்பார்கள்.

1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. பாடியில் கார் உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன. ஆவடி டாங்கி ஃபாக்டரியில் 1965ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. நிலம் வைத்திருந்தவர்கள் நிலத்தை விற்றார்கள். எங்களிடம் விற்க நிலமில்லை, கையைத்தான் கொண்டு போனோம். நான் எட்டாவது முடித்து எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத்துப் பட்டறையில் சேர்ந்தேன். பிறகு புதுப்பேட்டையில் ஸ்டேரிங் பாக்ஸ் மட்டுமே பார்க்கிற ஒரு மேஸ்திரியிடம் ஏழு வருஷம். வேலை முழுக்க அங்கே படித்தது. சர்ட்டிபிகேட் என்று கையில் ஒன்றும் கிடையாது.

இனி நான் சொல்ல வந்த காரைச் சொல்கிறேன். 1966 மாடல் செவர்லே இம்பாலா. பதினேழு அடிக்கு மேல் நீளம், ஆறரை அடிக்கு மேல் அகலம், முன்னால் எட்டு சிலிண்டர் என்ஜின். 1960களில் வெளிநாட்டுக் காரை நினைத்தபடி இறக்குமதி செய்ய முடியாது. தூதரகத்துக்காரர்கள் கொண்டுவந்த கார்களை, அவர்கள் நாடு திரும்பும்போது ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழியாக விற்பார்கள். அப்படி வந்த கார்கள் பல பணக்காரர் வீடுகளில் போய் நின்றன. 'பிளசர்' வருகிறது என்றால் எங்கள் காலனிப் பிள்ளைகள் புழுதியில் பின்னாலேயே ஓடுவோம் என்று நைனா சொல்வார். அந்த மாதிரி ஒரு கார் அறுபது வருஷம் கழித்து என் ஷெட்டுக்கு வந்தது. இன்றைய சொந்தக்காரர் அதைக் கல்யாண ஊர்வலத்துக்கும் சினிமா ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விடுகிறார். ஓட்டுகிற டிரைவர் என் அக்கா மகன்.

அந்தக் காரில் கம்பெனியிலேயே பவர் ஸ்டேரிங் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் சாகினா பிரிவு செய்த பெட்டி. அதன் ரேஷியோ 17.5க்கு 1. அதாவது மேலே ஸ்டேரிங் ராடு பதினேழரை டிகிரி சுற்றினால் கீழே டிராப் ஆர்ம் ஒரு டிகிரி திரும்பும். டிராப் ஆர்ம் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு சுமார் 80 டிகிரி போகிறது என்று வைத்துக்கொண்டால், கணக்குப் பண்ணிப் பாருங்கள், 1,400 டிகிரி. ஏறக்குறைய நாலு சுத்து. ஷூட்டிங்கில் வண்டியைச் சட்டென்று திருப்பச் சொல்லும்போது டிரைவர் மாவாட்டுகிற மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறான், படத்தில் பார்க்க நன்றாக இல்லை என்று சொந்தக்காரருக்குக் குறை. அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய பெட்டி வரவழைத்தார். பின்னால் வந்த வேகக் கார்களுக்காக அதே சாகினா செய்தது. ரேஷியோ 12.7க்கு 1. அதே 80 டிகிரிக்கு 1,016 டிகிரி போதும். மூணு சுத்துக்கும் குறைச்சல்.

"மேஸ்திரி, பழசக் கழட்டி இதப் பூட்டணும். அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதான் இல்லை. தொழில் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். பெட்டிக்குள் ஒரு மறைத்தண்டு. அதன் மேல் ஒரு நட்டு. ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற காடியில் இரும்புக் குண்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். நட்டின் வெளிப்பக்கத்துப் பல், டிராப் ஆர்ம் மாட்டியிருக்கிற சாஃப்டின் பல்லோடு கடிக்கும். கைச் சுற்றில் மறைத்தண்டு சுற்ற, நட்டு முன்னும் பின்னும் போக, சாஃப்ட் திரும்பும். மறையின் புரி நெருக்கமாக இருந்தால் சுத்து அதிகம், கைக்கு பாரம் குறைச்சல். புரி தள்ளித்தள்ளி இருந்தால் சுத்து குறைச்சல், பாரம் அதிகம். 17.5ஐ 12.7 ஆக்கினால் திருப்பத் தேவையான பலம் ஒன்றே கால் மடங்குக்கும் மேலே போகிறது. சுத்து குறைந்தால் பாரம் ஏறும். ஏறின பாரத்தை யாராவது தாங்க வேண்டும். இந்தத் தொழிலில் நான் கற்றது மொத்தமும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும். யார் தாங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்கிற இன்ஜினியர் பியர்ஸ் ஆரோ கம்பெனியின் லாரிப் பிரிவில் வேலை பார்த்தவர். கனமான வண்டியைத் திருப்ப டிரைவர்கள் படுகிற பாட்டைப் பார்த்தவர். 1926ல் அவர் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற பவர் ஸ்டேரிங்கை ஒரு காரில் மாட்டி ஓட்டிக் காட்டினார். செலவு அதிகம் என்று கம்பெனிகள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. யுத்தத்தில் ராணுவ வண்டிகளுக்குப் பயன்பட்டது. பொதுமக்கள் வாங்குகிற காரில் 1951ல்தான் வந்தது. அதுவும் கிரைஸ்லர் இம்பீரியல் என்கிற பணக்காரக் காரில். லாரிக்காரன் கை வலியில் பிறந்த யோசனை சொகுசுக் காருக்குத்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. நைனா இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினார். ஒரு நாள்கூட பவர் ஸ்டேரிங் தொட்டதில்லை. அவருடைய முதலாளி வீட்டுக் காரில் அது இருந்தது.

பவர் ஸ்டேரிங் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெட்டியின் வாயில், ஸ்டேரிங் ராடு வந்து சேருகிற இடத்தில், பென்சில் கனத்தில் ஒரு எஃகுக் கம்பி இருக்கும். ஓட்டுகிறவர் திருப்பும்போது பாரத்தினால் அந்தக் கம்பி லேசாக முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கில் ஒரு வால்வு திறந்து, பம்பிலிருந்து வருகிற எண்ணெய் நட்டின் ஒரு பக்கத்துக்குப் போய்த் தள்ளும். சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டு அளவுக்கு அழுத்தம் எழும்பும். வலது பக்கம் கை திருப்பினால் வலது பக்கம் தள்ளும், இடது பக்கம் என்றால் இடது பக்கம். கை திருப்பாவிட்டால் கம்பி முறுக்காது, எண்ணெய் சும்மா சுற்றி வந்து தொட்டியில் விழும். எங்கே போக வேண்டும் என்பதைக் கைதான் சொல்கிறது. எண்ணெய் பாரத்தை மட்டும் தாங்குகிறது.

எங்கள் ஷெட்டுக்கு வருகிற கார்க்காரர்கள் காத்திருக்கிற நேரத்தில் ஊர் நியாயம் பேசுவார்கள். அதில் தவறாமல் வருவது ரிசர்வேஷன். "தகுதி, திறமைக்கு மதிப்பில்ல மேஸ்திரி. எல்லாத்துக்கும் ஊன்றுகோல் குடுத்தா நாடு எப்புடி முன்னேறும்?" பேசிவிட்டு, ரெண்டு டன் காரை ரெண்டு விரலில் வளைத்துக்கொண்டு போவார்கள். பம்பு தள்ளுகிறதே, உனக்கு ஓட்டத் தெரியுமா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. அவர்களுடைய பம்பு தாத்தா காலத்து நிலம், வீடு, பள்ளிக்கூடம், தெரிந்த ஆபீசர் என்று பல பெயரில் ஓடுகிறது. மூடிக்கு அடியில் இருப்பதால் வெளியே தெரிவதில்லை. நமக்கு வந்த பம்பை மட்டும் மூடியைத் திறந்து வைத்து, ஊருக்கே காட்டி, சலுகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் கை திருப்பித்தான் போகிறார்கள். கை திருப்பாமல் எந்த பம்பும் யாரையும் எங்கும் கொண்டு போகாது.

பாரம் தப்பான ஆள் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அம்பேத்கர் தன் சொந்த அனுபவத்தை எழுதி வைத்திருக்கிறார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் ரெண்டு வண்டிகள் வருகின்றன. முதலாவது 1901ல். சிறுவனாக அண்ணனோடும் மற்ற பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்கப் போகிறார். ஸ்டேஷனில் இறங்கினால் மகார் பிள்ளைகள் என்று தெரிந்து மாட்டு வண்டிக்காரர்கள் மறுக்கிறார்கள். கடைசியில் ரெட்டை வாடகைக்கு ஒருவன் ஒத்துக்கொள்கிறான். ஆனால் பிள்ளைகள்தான் வண்டி ஓட்ட வேண்டும், அவன் கூடவே நடந்து வருவான். இரண்டாவது 1929ல், சாலிஸ்கான் ஊரில். அப்போது அவர் பாரிஸ்டர், அரசாங்கக் கமிட்டி உறுப்பினர். ஆனாலும் குதிரை வண்டிக்காரர்கள் அவரை ஏற்றி ஓட்ட மறுக்கிறார்கள். வண்டியை மட்டும் வாடகைக்குத் தருகிறார்கள். சேரி ஆட்களில் ஒருவர், ஓட்டிப் பழக்கமே இல்லாதவர், கயிற்றைப் பிடிக்கிறார். பாலத்தில் சக்கரம் கல்லில் சிக்கி அம்பேத்கர் தூக்கி எறியப்படுகிறார். கால் ஒடிகிறது. தங்கள் விருந்தாளியின் மரியாதையைக் காப்பாற்ற நினைத்த மக்கள் அவருடைய பாதுகாப்பை ஆபத்தில் வைத்துவிட்டார்கள் என்று அவர் எழுதுகிறார். ஓட்டினவரை அவர் குற்றவாளியாக நிறுத்தவில்லை. கயிறு ஏன் பழக்கமில்லாத கைக்கு வந்தது என்பதைத்தான் பார்த்தார்.

இன்றைக்கு அப்படிப் பார்க்கிறவர்கள் யார்? வண்டி கவிழ்ந்தால் முதல் கேஸ் டிரைவர் மேல்தான். 2024 ஜூன் வரைக்கும் இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ, ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 106. நம்பர் மாறியது, தண்டனையும் கூடியது. பெட்டி எப்படிப் பூட்டப்பட்டது, எது தேய்ந்திருந்தது, எதை மாற்ற வேண்டாம் என்று யார் சொன்னார் என்பதெல்லாம் அந்த முதல் தகவல் அறிக்கையில் வருவதை நான் பார்த்ததில்லை.

இம்பாலாவில் மூணு சிக்கல் இருந்தது. முதலாவது, புதுப் பெட்டியின் வாய்ச் சாஃப்டில் இருக்கிற பல் எண்ணிக்கை வேறு. பழைய ரப்பர் கப்ளிங் அதில் உட்காராது. இரண்டாவது, பழைய பெட்டிக்குப் பம்பிலிருந்து வருகிற ஓஸின் முனை அங்குல மறை, கூம்பு வாய். புதுப் பெட்டிக்கு மில்லிமீட்டர் மறை, ஓ ரிங். மூணாவதுதான் பெரிசு. காரின் ஐட்லர் ஆர்மும் டை ராடு எண்டுகளும் தேய்ந்து ஆடின. கப்ளிங்கும் ஓஸும் ஐட்லரும் எண்டுகளும் வெளியூரிலிருந்து வர வேண்டும். ஆறு வாரம் ஆகும், பெட்டி வாங்கினதில் பாதித் தொகை ஆகும் என்றேன்.

சொந்தக்காரர் சிரித்தார். "அடுத்த வாரம் ரெண்டு கல்யாணம் புக்கிங் இருக்கு. கப்ளிங்க லேத்துல கடஞ்சி வெல்டிங் வெச்சிருங்க. ஓஸுக்கு எதனா அடாப்டர் கடஞ்சி மாட்டுங்க. ஐட்லரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

ஸ்டேரிங் பாகத்தில் வெல்டிங் வைக்கக்கூடாது என்பது புதுப்பேட்டை மேஸ்திரி எனக்குக் கொடுத்த முதல் கட்டளை. பக்குவம் பண்ணின எஃகை வெல்டிங் சூட்டில் காய்ச்சினால் அந்த இடத்தின் பக்குவம் போய்விடும். பார்க்க நன்றாக இருக்கும், ஒருநாள் சொல்லாமல் விட்டுப் போகும். பிரேக் போனால் கியரைக் குறைத்து நிறுத்தப் பார்க்கலாம். ஸ்டேரிங் விட்டுப் போனால் ஓட்டுகிறவன் கையில் சும்மா சுற்றுகிற வளையம் ஒன்றுதான் மிஞ்சும்.

ஐட்லர் விஷயம் இன்னும் நுணுக்கமானது. கீழே ஒரு டிகிரி ஆட்டம் இருந்தால் பழைய பெட்டியில் மேலே சக்கரத்தில் அது பதினேழரை டிகிரியாகத் தெரியும். டிரைவருக்கு உடனே சந்தேகம் வந்து, மேஸ்திரி, ஆட்டம் இருக்குது என்பான். 12.7 பெட்டியில் அதே ஆட்டம் பன்னிரண்டே முக்கால் டிகிரிக்கும் குறைவாகத்தான் தெரியும். தேய்மானம் குறையவில்லை. ரோட்டில் டயர் அலைவது அலைந்தபடியேதான் இருக்கும். கைக்கு வந்து சேருகிற சேதி மட்டும் சின்னதாகிவிடும். கூடவே, கை கொஞ்சம் அசைந்தாலே கார் அதிகம் திரும்பும். ஆக, வேகமான பெட்டி போடுவதற்கு முன்னால் கீழே இருக்கிற அத்தனை மூட்டும் புதுசாக இருக்க வேண்டும். மேலே சுகம் கூட்டினால் கீழே இருக்கிற கேடு கண்ணில் படாமல் போகும். பெட்டிக்குச் சொன்னேன், ஊருக்கும் பொருந்துவதானால் நான் பொறுப்பில்லை.

இதையெல்லாம் சொன்னேன். அதுவரைக்கும் "நீங்க" என்று பேசிக்கொண்டிருந்தவர் "நீ" என்று ஆரம்பித்தார்.

"நீ எந்தக் காலேஜ்ல படிச்சே? சொன்னதச் செய்யி. வேற ஷெட்டே இல்லையா மெட்ராஸ்ல?"

"நெறைய இருக்குது சார். வெல்டிங் வெச்சிக் குடுக்கறவங்களும் இருக்காங்க. ஏங்கிட்ட வெல்டிங் இல்ல சார்."

"இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு வேல குடுத்தா இப்புடித்தான்" என்றார். எந்தப் பக்கத்து ஆளுங்க என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த முப்பது வருஷத்தில் அந்த 'பக்கத்து' என்கிற வார்த்தையை எத்தனையோ பேர் வாயில் கேட்டாகிவிட்டது. முன்பு அது களத்துமேட்டில் ஒதுங்கி நில் என்று வந்தது. இன்று பெயரைச் சொல்லாமல் திசையைக் காட்டி வருகிறது.

அதுவரை கதவோரம் நின்றிருந்த அக்கா மகன் அப்போது பேசினான். சத்தம் போடவில்லை.

"சார், வெல்டிங் வெச்சா நா வண்டி எடுக்க மாட்டேன்."

"இன்னாடா?"

"கல்யாணத்துல பொண்ணு மாப்ள பின்னாடி ஒக்காந்திருப்பாங்க சார். முன்னாடி மேளக்காரங்க, கொழந்தைங்க நடந்து போவாங்க. ஸ்டேரிங் வுட்டுச்சின்னா நா இன்னா சார் பண்ணுவேன்? நீங்க வேற ஆளப் பாத்துக்குங்க."

அந்தக் காரை இந்தப் பக்கம் ஓட்ட வேறு ஆள் சுலபத்தில் கிடைக்காது. இடது பக்க ஸ்டேரிங், பதினேழு அடி உடம்பு, கல்யாண மண்டபத்துச் சந்து. அவருக்கும் அது தெரியும். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அரை மணி நேரம் யாரிடமோ பேசினார். திரும்பி வந்து, "லிஸ்ட் எழுதிக் குடு" என்றார். ரெண்டு கல்யாணத்துக்கும் வேறு கார் ஏற்பாடு பண்ணிக்கொண்டார். அந்த ரெண்டு நாள் வாடகைப் பங்கு அக்கா மகனுக்கும் போயிற்று. வீட்டில் என்ன பேச்சு வாங்கினான் என்று அவன் என்னிடம் சொல்லவில்லை. அக்கா மட்டும், "ஒன் தங்க வாயால அவனும் கெட்டான்" என்றாள். அடுத்த நாள் அவளே மீன் குழம்பும் கொடுத்தனுப்பினாள்.

சாமான் வந்து சேர ஏழு வாரம் ஆனது. முதலில் ரெண்டு பெட்டியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிராப் ஆர்ம் எவ்வளவு டிகிரி போகிறது என்று அளந்தோம். சில கார்களுக்கு அகலமான டயர் உரசக்கூடாது என்று பெட்டிக்குள்ளேயே தடை வைத்துச் செய்திருப்பார்கள். அதை அளக்காமல் பூட்டினால் சுத்து குறையும், ஆனால் கார் முன்பு திரும்பின சந்தில் திரும்பாது. இது சரியாகவே போனது. பிறகு பெட்டியைப் பிரித்து சீல்களை மாற்றினோம். குண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தோம். சாஃப்ட் பல் நடு இடத்தில் இருக்கும்போது லேசான இறுக்கம் இருக்க வேண்டும், ரெண்டு கோடியிலும் இளக்கம் இருக்க வேண்டும். மேல் மூடி ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சின்ன டார்க் ரென்ச்சில் அளந்து பூட்டினோம். இறுக்கம் கூடினால் திருப்பம் முடிந்து சக்கரம் தானாக நேருக்கு வராது. குறைந்தால் நேர் ரோட்டில் கார் தள்ளாடும்.

சேஸில் போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவிப் பார்த்தோம். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே கசிந்து கோடு காட்டும். இது மேஸ்திரி சொல்லிக்கொடுத்தது. கோடு விழவில்லை. கப்ளிங், ஓஸ், ஐட்லர், எண்டு எல்லாம் புதுசு. முன் சக்கரம் ரெண்டையும் தூக்கி வைத்து, என்ஜினைப் போடாமலே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது முப்பது தடவை சுற்றி, தொட்டியில் எண்ணெய் விட்டுக்கொண்டே காற்றை வெளியேற்றினோம். குமிழி நின்ற பிறகுதான் என்ஜின். பையன்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். கோடிக்குத் திருப்பிவிட்டு அங்கேயே அழுத்திப் பிடிக்காதே, முழு அழுத்தமும் பம்பின் தலையில் விழும், எண்ணெய் கொதித்துப் போகும்.

அக்கா மகன் காரை எடுத்து வானகரம் ரோட்டில் போய் வந்தான். "மாமா, மூணு சுத்து வரல. அதுக்கும் கொறச்சல்தான். ஆனா புதுசா ஓட்டறவன் கையில குடுக்காதீங்க. வேகத்துல தும்முனாக்கூட லைன் மாறிடும்" என்றான். பெட்டியைப் பற்றி அவன் சொன்னதைவிடச் சரியாக ஒரு இன்ஜினியர் சொல்லியிருக்க முடியாது.

அவன் மாட்டேன் என்று சொன்னதைப் பற்றித்தான் நான் பிறகு பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். நம் நாட்டில் வண்டி விஷயத்தில் மாட்டேன் என்கிற வார்த்தை யாருக்குச் சொந்தமாக இருந்தது? 1929ல் குதிரை வண்டிக்காரன் மாட்டேன் என்றான். பாரிஸ்டரை ஏற்ற மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு அவன் சாதி போதுமாக இருந்தது. 1997ல் விருதுநகர் மாவட்டத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். தலித் பெயர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் நடந்தது. கடைசியில் எல்லாத் தலைவர்கள் பெயரையும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் அரசு எடுத்துவிட்டது. அந்த மாட்டேன் எல்லாம் நம்மைத் தள்ளி வைப்பதற்காகச் சொல்லப்பட்டவை. நம் ஆட்கள் மாட்டேன் என்றால் திமிர் என்று பெயர், அடி விழும், வேலை போகும்.

அக்கா மகன் சொன்ன மாட்டேன் வேறு வகை. யாரையும் தள்ளி வைக்க அவன் சொல்லவில்லை. பின்னால் உட்காரப் போகிற பொண்ணும் மாப்பிள்ளையும் என்ன சாதி என்று அவனுக்குத் தெரியாது. அவர்கள் உயிருக்கும் தெருவில் நடக்கிற குழந்தைகள் உயிருக்கும் சேர்த்துச் சொன்னான். அதைச் சொல்வதற்கு அவனுக்கு சாதி துணையில்லை. வண்டியைப் பற்றிய அறிவு இருந்தது, அந்த வண்டியை ஓட்ட வேறு கை இல்லை என்கிற நிலைமை இருந்தது. கை பழகினவன் மாட்டேன் என்றால் முதலாளி அரை மணி நேரம் வெளியே போய் யோசிக்க வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகள் படிப்பதும் தொழில் கற்பதும் சம்பளத்துக்காக மட்டும் என்று நான் நினைப்பதில்லை. தப்பான வேலைக்கு மாட்டேன் என்று சொல்கிற பலம் அதில் வருகிறது. தாத்தாவுக்கு அது இல்லை. மதகைத் திற என்றால் திறந்தார். நைனாவுக்கும் இல்லை. பிரேக் பிடிக்காத லாரியை எடு என்றால் எடுத்தார்.

சாமான் கணக்கு, கூலிக் கணக்கு எல்லாம் எழுதி சொந்தக்காரரிடம் பில் கொடுத்தேன். அதில் இதுவரை நான் எழுதாத ஒன்றை எழுதினேன். எந்தெந்தப் பாகம் மாற்றினது, எது எவ்வளவு இறுக்கத்தில் பூட்டினது, எந்தத் தேதி, வேலை செய்த மூணு பேருடைய பெயர். கீழே என் கையெழுத்து. ஒரு காப்பி அவருக்கு, ஒன்று டிரைவருக்கு, ஒன்று ஷெட்டில். நாளைக்கு ஏதாவது நடந்து போலீஸ் வந்தால் டிரைவர் கையில் காட்ட ஒரு காகிதம் இருக்கட்டும் என்பதற்காக. பில்லைப் பார்த்து, "இதெல்லாம் எதுக்கு?" என்றார் சொந்தக்காரர். பெரிய கம்பெனி சர்வீஸில் கொடுக்கிறார்களே சார் என்றேன். மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

இப்போது எங்கள் ஷெட்டில் எல்லா வேலைக்கும் அப்படித்தான் எழுதுகிறோம். பையன்களில் ஒருவனுக்குத் தமிழ் எழுத்துப்பிழை நிறைய வருகிறது. ஆனாலும் அவன் பூட்டினதை அவனே எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.